பாலை மரத்துச் சிவப்புச் சீலை

யூலை 4, சனி

கச்சான் காத்து அடிக்குது. கண்ணெல்லாம் மண். சுபஹு தொழுதிட்டு பஸ் ஏறின. கொண்டு போனது: காட்டுக்கத்தி ரெண்டு, தண்ணி, புட்டுப் பார்சல், சிவப்புச் சீலைத் துண்டு ஒரு பை.

குளக்கட்டில இருந்து மொட்டப்பாறை வரைக்கும் நடைபாதை. முள்ளு வெட்டுற, விழுந்த கொப்பு இழுக்கிற, வழி தெரிய மரத்துக்கு மரம் சீலை கட்டுற. நானும் தங்கராசாவும். (இனி த. எண்டு எழுதுறன், பெரிய பேர்.) இந்தப் பாதை வேலையத் தொடங்கின மாஸ்டர் போனைத் தூக்கிப் பிடிச்சுப் பின்னால வாறார். நடக்க நடக்க போன்ல வழிப் படத்தில கோடு விழுதாம். இந்தக் கோடு ஆருக்குப் போகுதெண்டு கேட்டன். சிரிச்சார். சிரிக்கிற ஆள நம்பேலாது.

பதினெட்டாந் திகதி, காடு பாத்து நடக்கிற ஆக்கள் கொழும்பில இருந்து வாறாங்க. பத்திரமாப் போய் வந்தா பாதை எங்கட பொறுப்பில. ஒராளுக்கு ஒண்டு நடந்தாலும் மூடிருவாங்க. மறுகா வீட்டில இருந்து மகள்ட புத்திமதி கேக்கிறதுதான் தொழில்.

பயம் ஒரே இடத்திலதான். பாலை மரத்தடியில பாதை ரெண்டாப் பிரியுது. வலக்கை பாறைக்கு. இடக்கை வில்லுக்கு, ஆனை தண்ணி குடிக்கிற காட்டுக்குளம். வலக்கைப் பக்கம் மட்டும் சீலை கட்டின, பெரிசா.

த. கடல் ஆள். காட்டுக்குள்ள மெல்லமாத்தான் நடப்பான். "என்ன மச்சான், அலை அடிக்குதா" எண்டு கேட்டன். "வாயை மூடிற்று முள்ளைப் பாரு காக்கா" எண்டான். (காக்கா எண்டா அண்ணன். மரியாதை அந்தச் சொல்லில மட்டும்தான்.) அடுத்த அடியில முள்ளு எனக்குத்தான் குத்தின.

யூலை 6, திங்கள்

காத்துக் குறைவு. பாதை பாக்கப் போன.

பாலை மரத்தடியில இடக்கைப் பக்கமும் சிவப்புச் சீலை. ஒண்டில்ல. வில்லுப் பக்கமா மரத்துக்கு மரம்.

நாங்க கட்டல்ல. நல்லா ஞாபகம். மாஸ்டர் கட்டல்ல, அவர் மரத்தத் தொட்டா எறும்பு கடிக்குமெண்டு பயப்படுற ஆள். அப்ப ஆரு?

இடக்கைப் பாதை வில்லத் தாண்டினா றோட்டு. றோட்டில த.ட தங்கச்சிட தேத்தண்ணிக் கடை. நடக்கிற ஆக்கள் அந்தப் பக்கம் வந்தா கடைக்கு நல்ல ஓட்டம். ம்ம்.

த.ட்ட கேட்டன். "எனக்கென்ன தெரியும்" எண்டான். விரல்ல சிவப்பு. வெத்திலையாம். போன் வந்துது, அங்கால போய் மெதுவாக் கதைச்சான். என்ன கதை எண்டா, "பெண்சாதி, மீன் வாங்கட்டாம்." மீன்காரனுக்கு மீன் வாங்கச் சொல்லுற பெண்சாதி.

இடக்கைச் சீலை எல்லாத்தையும் அவிழ்க்கப் பாத்தன். மாஸ்டர் விடல்ல, முதல்ல படம் எடுக்கோணுமாம். எடுத்து ஆருக்கு அனுப்பப் போறாரோ.

முழங்கால் நோவு. சித்தாலேபைத் தைலம் பூசின.

யூலை 7, செவ்வாய்

இண்டைக்கு வாய் சும்மா இரிக்கல்ல.

குளக்கட்டில மாஸ்டர் முன்னால, பகிடி போலதான் சொன்னன். "மாஸ்டர், படத்தில அந்தக் கோட்டைக் கொஞ்சம் வளைங்க. த.ட தங்கச்சிட கடைக்கு முன்னால முடியட்டும். கொழும்பு ஆக்கள ஆனை மிதிச்சாலும் மிச்சமானவங்க வடை திம்பாங்க."

மாஸ்டர் சிரிக்கல்ல. த. என்னைப் பாத்தான்.

"நான் ஆக்கள ஆனைக்கு அனுப்புவனா காக்கா?"

"நீ கட்டல்லெண்டா ஆரு கட்டின?"

கத்தியக் குளக்கட்டில வச்சிட்டான். சோத்துப் பார்சலையும் வச்சிட்டான். கிறுகிப் பாக்காம பஸ்ஸுக்கு நடந்தான். பார்சலைத் திறந்தன். சூடை மீன் பொரியல். திங்கேலாமப் போச்சு, நாய்க்குப் போட்ட.

தனிய ஒருத்தரும் உள்ளுக்குப் போகப்படாது. ஒராள் வெட்டினா ஒராள் பாக்கோணும், அதுதான் எங்கட சட்டம். வேலை நிண்டுது. வேற ஆள் தேடித் தரச் சொன்னார் மாஸ்டர். தேடல்ல.

மகள் கேக்கிறாள், "என்ன வாப்பா இண்டைக்கு ஆரையும் கிண்டல் பண்ணல்ல, காய்ச்சலா?"

யூலை 9, வியாழன்

வெயில் இல்ல, வானம் மப்பு. தனியத்தான் போன, குளக்கட்டோட நிப்பமெண்டு. திருடன் திரும்ப வருவான், கையோட பிடிக்கலாம் எண்டு ஒரு எண்ணம். பற்றைக்குப் பின்னால குந்தின. எறும்பு.

வந்தது கதிர்காமத்துக்கு நடக்கிற ஆக்கள். மஞ்சளும் சிவப்பும் உடுத்து, பொட்டணியத் தலையில வச்சு. மரத்தடிகள்ல இளைப்பாறினாங்க. கொஞ்சப் பேர் தண்ணி தேடி பாலை மரப் பக்கம் நடந்தாங்க. ஆனையெண்டு சொல்லிக்கொண்டே பின்னால ஓடின. சட்டம் எல்லாம் மறந்து போச்சு.

ஒரு வயசான மனிசி சீலைக் கரையைப் பல்லால கிழிக்கிறா. மரத்தில கட்டுறா. கண்ண மூடிக் கும்புடுறா.

"என்னம்மா செய்யிறீங்க?"

"நேர்த்தி வச்சுக் கட்டுறன். போன வருசம் இந்த மரத்தில ஒண்டும் இல்ல. இந்த வருசம் வாறபோது பாத்தா சிவப்புச் சீலை கட்டிக் கிடக்கு. ஆருக்கோ பலிச்சிருக்கு. முன்னுக்குப் போன கூட்டமும் கட்டிற்றுத்தான் போயிருக்கு, வில்லு வரைக்கும் கிடக்கு பாருங்க."

அப்ப கட்டினது த. இல்ல.

"முதல் சீலை ஆரு கட்டினதெண்டு தெரியுமா உங்களுக்கு?" எண்டு மனிசி கேட்டா.

"நான்தான்."

"நீங்க இஸ்லாமாக்கள் எல்லோ. என்ன நினைச்சுக் கட்டினீங்க?"

"ஆக்கள் வழி மாறாமப் போகோணுமெண்டு."

"நல்ல நேர்த்தி" எண்டா மனிசி.

பொய் சொல்லல்ல. ஆனா அவவிட முகத்தப் பாக்கேலாமப் போச்சு. கூட்டத்தைக் குளக்கட்டுக்குக் கொண்டு வந்து விட்டன். வில்லுப் பக்கம் போகாதீங்க எண்டு எல்லாருக்கும் சொன்ன.

மாஸ்டருக்கு போன் பண்ணின. இடக்கைச் சீலைய அவிழ்த்திருவமா எண்டார். ஏலா. ஒருத்தி புள்ளைக்காகக் கட்டியிருப்பாள், ஒருத்தி புரிசனுக்காக. அதை நான் ஆர் அவிழ்க்க? சிவப்பு வேணாம், எங்கட வழிக்கு நீல பெயின்ட், மரத்தில வட்டமா அடிப்பம் எண்டன். சரியெண்டார். பெயின்ட் அடிக்க ரெண்டு ஆள் வேணும்.

யூலை 10, வெள்ளி

ஜும்ஆ முடிஞ்சு நேரா கடற்கரைக்கு, த.ட வீட்டுக்கு. பெண்சாதி கதிரை போட்டா, தேத்தண்ணி தந்தா. த. வாடிக் கொட்டிலுக்குள்ள கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தான்.

மனிசிட கதையச் சொன்னன். தலையத் தூக்கல்ல.

"வலை பொத்தியே கிழவனானவன் நான். அந்த இடக்கைச் சீலையில கிடந்தது என்ட முடிச்சா எண்டு பாத்தியா காக்கா?"

"பாக்கல்ல."

"ஏன் பாக்கல்ல?"

பாத்திருந்தா நீயாத்தான் இருப்பாயெண்ட எண்ணம் போயிருக்கும். அதை வெளியில சொல்லல்ல.

ஒரு பகிடி விட்டுப் பாத்தன், அவன்ட வலையில ஆனை போற அளவுக்கு ஓட்டையெண்டு. சிரிக்கல்ல. பெண்சாதிதான் உள்ளுக்கிருந்து சிரிச்சா.

நூலைக் கடிச்சு அறுத்திட்டுச் சொன்னான், "நாளைக்கு வாறன். ஆனா நீ முன்னுக்கு நட. நான் முன்னுக்குப் போனா என்ட முதுகத்தான் பாத்துக்கொண்டு வருவாய், ஆனையப் பாக்கமாட்டாய்."

நாளைக்கு: நீல பெயின்ட், தும்புப் பிரஷ், மண்ணெண்ணெய், ரெண்டு பேருக்கும் சோறு. முன்னுக்கு நான்.