உப்பு தானே மூடிக்கொள்ளும்

ஜனவரி 19, செவ்வாய்

போதும். ஒன்பது வருடம் ஊரில் வாயால் புலம்பியதோடு சரி, எழுத்தில் ஒன்றும் போடவில்லை.

இன்று நாளிதழில் அறிவிப்பு. உப்புப் பாறைக்குள் அணுக்கழிவைப் புதைக்கும் சுரங்கத்தை மேற்குப் பக்கம் விரிவாக்க விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். பொதுமக்கள் மார்ச் 20 வரை கருத்துச் சொல்லலாம். எழுதி அனுப்பலாம், அல்லது கூட்டத்துக்கு வந்து மூன்று நிமிடம் பேசலாம். எனக்கு மூன்று நிமிடம் போதாது.

விண்ணப்பத்தின் அடியில் கிளேட்டன் ரஸ்க் பெயர். படமும் போட்டிருக்கிறார்கள், தலைக்கவசத்தோடு. அவன் கீழே இறங்கி எத்தனை மாதம் ஆகியிருக்கும்? நான்காவது அறையின் உப்புக் கூரை வருடத்துக்கு மூன்று அங்குலம் இறங்குகிறது, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அறுகின்றன என்று நான் எழுதிய அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பாமல் தன் மேஜையிலேயே வைத்திருந்தவன். அறிக்கை அமுங்கியது, அவன் மேலே போனான், நான் வெளியே வந்தேன். இப்போது மாவட்டச் சாலை அலுவலகத்தில் ஜல்லிக்கல் அளவு பார்க்கிறேன். நிலவியலில் மேற்பட்டம் வாங்கியவன். ஊரில் என்னைப் 'புரொபசர்' என்கிறார்கள். அது மரியாதை இல்லை.

இந்த முறை எழுதுவேன். பெயர், பட்டம், எல்லாம் போட்டு.

ஜனவரி 23, சனி

நூலகத்தில் விண்ணப்பத்தின் நான்கு தொகுதிகளையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். எல்லாவற்றையும் கேட்டதும் மேஜையில் இருந்த நூலகர் திருமதி பாக்கா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "நாலையும் கேட்ட மொத ஆளு நீங்கதான். மத்தவங்க படம் போட்ட பக்கத்தப் பாத்துட்டுப் போயிடறாங்க."

முதல் தொகுதியிலேயே பதினான்கு பிழைகள். ஓர் அட்டவணையில் கூட்டுத்தொகையே தப்பு. கிளேட்டனுக்கு அன்றும் கூட்டல் வராது.

ஜனவரி 27, புதன்

முப்பத்தொரு பிழைகள். பசி நன்றாக எடுக்கிறது.

ஜனவரி 30, சனி

மூன்றாம் தொகுதி, பின்னிணைப்பு. விரிவாக்கப் பகுதியில் உள்ள பழைய துளைகளின் பட்டியல். மொத்தம் ஆறு. 'அனைத்தும் முறைப்படி மூடப்பட்டவை, சான்றுகள் இணைப்பில்.'

நான்காவது சான்று: டி-31. உரத்துக்கான பொட்டாஷ் உப்பைத் தேடிப் போட்ட துளை. 'அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் நிரப்பி மூடப்பட்டது. நேரில் மேற்பார்வையிட்டேன்.' கீழே கையெழுத்து. நீல மையின் நகல் கறுப்பாக வந்திருக்கிறது. முதலெழுத்தின் வால் தேவைக்கு மேல் நீண்டு, ஒரு இளைஞனின் அலட்டலோடு.

என் கையெழுத்து.

தொகுதியை மூடி வைத்தேன். முடிஞ்சிடுச்சா என்று திருமதி பாக்கா கேட்டார். இன்றைக்குப் போதும் என்றேன்.

ஜனவரி 31, ஞாயிறு

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

இருபத்துநான்கு வருடங்களுக்கு முன். ட்ரையாங்கிள் பொட்டாஷ் கம்பெனி, இப்போது அது இல்லை. எனக்கு அங்கே முதல் வேலை. துளையிடும் குழுவின் தலைவர் ஹாய்ட் என்ற கிழவர், வாயில் எப்போதும் புகையிலை. பொட்டாஷ் ஆயிரத்து எழுநூறு அடியில் கிடைக்கும். அதற்குக் கீழே எரிவாயு இருக்குமோ என்று கம்பெனிக்கு ஒரு நப்பாசை. போய்க்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் அடியில் துளை திடீரென்று திருப்பித் தள்ளியது. உப்புநீர் குழாய் வழியாகப் பனை உயரத்துக்கு எழும்பியது. அழுகிய முட்டை நாற்றம், விஷவாயு. ஒரு பகல் முழுக்கக் கொட்டி, பிறகு தானே அடங்கியது.

விதிப்படி அடியிலிருந்து சிமென்ட் நிரப்ப வேண்டும். சிமென்ட் வண்டி வேறு துளைக்குப் போயிருந்தது, வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். ஹாய்ட் சிரித்தார். "தம்பி, இது உப்பு. நீ தோண்டின அறையையே முழுங்கிடும், இத்தனூண்டு ஓட்டைய விட்டுவைக்குமா? ரெண்டு குளிர்காலம் போச்சுன்னா தானே மூடிக்கும்."

இந்தப் பகுதியில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். உப்பு ஊர்ந்து வந்து மூடும் என்பதும் பொய்யில்லை; வெற்றுத் துளையாக இருந்தால் மூடியிருக்கும். ஆனால் உள்ளே அழுத்தத்தோடு நீர் நின்றால் உப்பு எதை நெருக்கும்? எனக்கு அது தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

மேலே பதினைந்து அடிக்கு மட்டும் கையால் கலந்த சிமென்ட். அதற்கடியில் பழைய மரக்கட்டைகள், சாக்குகள், சேறு. மேலே இரும்புத் தட்டு. ஹாய்ட் வண்டியின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்து வைத்தார். நான் போட்டேன்.

அங்கே நாங்கள் இருவர்தான். ஹாய்ட் இறந்து பதினோரு வருடம். கிளேட்டன் அப்போது இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவன்மேல் எதையும் சாத்த முடியாது. எத்தனை முறை யோசித்துப் பார்த்தேன்!

பிப்ரவரி 6, சனி

போய்ப் பார்த்தேன். மெஸ்கீட் புதர்களுக்கு நடுவே கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தட்டு துருவேறிச் சற்றே சாய்ந்திருக்கிறது. சிமென்டில் ஒரு வெடிப்பு. தட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், காய்ந்த உப்பு. குனிந்ததும் அந்த நாற்றம். லேசாகத்தான்.

வளையத்தின் குறுக்களவு ஆறு அடி, நான்கு அங்குலம். புல் கருகிய ஓரத்தில் ஒரு முயல் செத்துக் கிடந்தது. முயல் எதனாலும் சாகலாம்.

பிப்ரவரி 7, ஞாயிறு

மகள் நொயேமி வீட்டில் சாப்பாடு. பச்சை மிளகாய்க் குழம்பும் டோர்ட்டியா ரொட்டியும். மருமகன் ஆபெல் சுரங்கத்தில் உப்பு வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறான். குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆண். அனுமதி கிடைத்துவிட்டால் மேற்குச் சுரங்கவழியின் முதல் வெட்டு செப்டம்பரில், இயந்திரம் அவனுடையது. சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். காகிதக் கைக்குட்டையில் பேனாவால் வரைந்து காட்டினான். இரண்டாயிரத்து நூறு அடி ஆழம். அந்தப் பக்கத்தின் மேல்மட்ட வரைபடம் எனக்கு மனப்பாடம். அவன் கோடு டி-31இலிருந்து நூற்றிருபது அடி தள்ளிப் போகிறது. துளை அந்த ஆழத்தைக் கடந்து இன்னும் எண்ணூறு அடி கீழே போகிறது.

"என்ன மாமா, சாப்பிடாம அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க?"

நன்றாக வரைந்திருக்கிறாய் என்றேன்.

பிப்ரவரி 11, வியாழன்

துளையில் நிற்கும் அழுத்த நீரைத் தடுக்க நூற்றிருபது அடி உப்பு போதும் என்று ஒரு கணக்குப் போட்டேன். போதாது என்று இன்னொன்று. இரண்டுமே சரியாக வருகின்றன.

பிப்ரவரி 18, வியாழன்

கருத்துக் கேட்புக் கூட்டம். உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கம், இருநூறு பேர் இருக்கும். தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள் மூவர். மேஜையில் மூன்று நிமிடத்தைக் காட்டும் ஒரு விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. கடைசி வரிசையில் ஆபெல், தன் குழுவோடு.

எனக்கு முன் ஒருவர், சுரங்கத்து ஆள். "என் ரெண்டு பசங்களும் அங்கதான் வேல பாக்கறாங்க. நான் அதுக்கு எதிரா வந்து பேசுவேனா?" கைதட்டல். மாடு வளர்க்கும் ஒரு அம்மாள் தன் கிணற்றைப் பற்றிப் பேசினார். யாரும் தட்டவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். துளையைச் சொல்லத்தான் எழுந்தேன். இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்: துளையைச் சொல்லத்தான் எழுந்தேன். மைக்குக்கு நேர் எதிரே கிளேட்டன், காலை நீட்டி உட்கார்ந்து. அவ்வளவுதான். நான்காவது அறை, போல்ட்டுகள், என் அறிக்கை, பதவி உயர்வு, யார் யாரோடு வேட்டைக்குப் போனார்கள். எல்லாம் வந்தது. மஞ்சள் வந்தது தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். "புரொபசர், டைவர்ஸ் வாங்கின பொண்டாட்டியப் பத்திப் பேசற மாதிரியே பேசறீங்களே." அரங்கமே சிரித்தது. சிவப்பு.

அப்போது கிளேட்டன் மைக்கை வாங்கினான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "சிரிக்காதீங்க. இவர் நல்ல நிலவியல் ஆளு. மூணாம் தொகுதியப் புரட்டுங்க, இவர் கையெழுத்து இருக்கு. அந்தக் காலத்துல ஓட்டைகள ஒழுங்கா மூடினது இவர மாதிரி ஆளுங்கதான். அத நம்பித்தான் நாங்க மேற்க போறோம்."

கைதட்டினார்கள். எனக்கு. ஒன்பது வருடத்தில் முதல் முறை. தலையை லேசாக ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

என்ன மனுஷன்டா நீ. தலையாட்டினியே. ஒரு நொடி சந்தோஷமாக்கூட இருந்ததே உனக்கு.

பிப்ரவரி 19, வெள்ளி

நோன்புக்கால வெள்ளி. மாலையில் ஆபெல் தேவாலயக் கூடத்திலிருந்து வறுத்த மீன் பொட்டலம் கொண்டுவந்தான். உட்காரச் சொன்னேன், நின்றான்.

"மாமா, நேத்து எனக்கு அவமானமாப் போச்சு. நான் பொய் சொல்லல. ஆனா நீங்க சும்மா பேசற ஆளும் இல்ல. கீழ எறங்கறவன் நான். அந்தப் பக்கம் ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க."

நேராகப் பார்த்துக் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. பழைய கோபம்" என்றேன்.

கதவுப் பக்கம் திரும்பினான். "நீங்க எதச் சொன்னாலும் ஊரு உங்க கோபத்தத்தான் கேக்குது, மாமா. சொல்ற விஷயம் யார் காதுலயும் ஏறல." போய்விட்டான். மீன் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

பிப்ரவரி 27, சனி

வளையம்: எட்டு அடி, ஓர் அங்குலம். மூன்று வாரத்தில். வெடிப்பின் ஓரம் ஈரம். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பைவிடக் கசப்பு.

பிப்ரவரி 29, திங்கள்

கடிதம் தொடங்கினேன். பதினோரு பக்கம். துளை ஒன்பதாவது பக்கத்தில்தான் வருகிறது. கிழித்தேன்.

மார்ச் 5, சனி

நூலகம். பெயரில்லாத கடிதத்தை என்ன செய்வார்கள் என்று திருமதி பாக்காவிடம் பொதுவாகக் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. விதித்தாளை எடுத்து வாசித்தார். பெயர் போட்டால் பெயரோடு இணையத்தில் வரும், எழுத்தில் பதில் உண்டு. போடாவிட்டால் பதில் கிடையாது. ஆனால் கோப்பில் சேரும், அதிகாரிகள் வாசித்தே ஆக வேண்டும்.

"போன தடவ ஒருத்தர் பேர் போடாம மூணு பக்கம் திட்டி எழுதியிருந்தார். அதையும் ஒக்காந்து வாசிச்சாங்க" என்றார். அது நான் இல்லை.

மார்ச் 8, செவ்வாய்

நான்கு பக்கம். கிளேட்டன் இன்னும் இரண்டு பத்தியில் இருக்கிறான். இரண்டையும் எடுத்தேன்.

மார்ச் 12, சனி

கடிதம் முடிந்தது. பன்னிரண்டு வரி. துளையின் எண், அது நிற்கும் இடம், உண்மையான ஆழம், உப்புநீர் எழும்பிய நாள். மேலே பதினைந்து அடி மட்டுமே சிமென்ட். கீழே கட்டை, சாக்கு, சேறு. மூன்றாம் தொகுதியில் உள்ள சான்று பொய். தட்டைச் சுற்றி உப்பு வளையம், இரு தேதிகளில் எடுத்த அளவுகளோடு. கடைசியில்: 'தட்டை எடுத்துவிட்டுச் சிமென்டில் ஒரு சிறு துளை போடுங்கள், வாயுவுக்குத் தற்காப்போடு. பதினைந்து அடிக்குக் கீழே சிமென்ட் கிடைத்தால் இந்தக் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள்.'

பிறகு பெயர். ஒரு மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அன்றைக்கு நல்லவனாக இருந்தபோது போட்ட கையெழுத்து, இன்றைக்குப் பொறாமையில் மறுக்கிறான் என்பார்கள். கிளேட்டன் வருத்தத்தோடு தலையாட்டுவான். சிமென்டில் யாரும் துளை போட மாட்டார்கள். ஒன்பது வருடம் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெயர் அது. உண்மையைச் சொல்லும்போதுகூட உதவாத மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன்.

இது முழுக் காரணமா? இல்லை. பயமும் இருக்கிறது. உரிமம் போகும், வழக்கு வரும், நொயேமி என்னை எப்படிப் பார்ப்பாள். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன்.

யாராவது அந்தச் சிமென்டைத் துளைத்துப் பார்த்தால் அடுத்து சான்றில் உள்ள பெயரைத்தான் தேடுவார்கள். வரட்டும். வீட்டில்தான் இருப்பேன். துளைக்கவில்லை என்றால், ஜூன் வரை அந்தப் புதருக்கு ஒரு வண்டியும் வரவில்லை என்றால், ஆபெலிடம் சொல்லியாக வேண்டும். அவனுக்குத் தபாலில் சொல்ல முடியாது. அவன் மறுபடி நேராகப் பார்ப்பான்.

ஜூன் என்று எழுதிவிட்டேன். நான் எழுதியதெல்லாம் நடந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கடிதத்தை மடித்து உறையில் வைத்து ஒட்டியாயிற்று. கீழே பெயர் போட விட்டிருந்த இடம் வெறுமையாகவே உள்ளே போயிருக்கிறது. திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் இதை அப்படியே தபாலில் சேர்க்கிறேன்.