பால் மறந்த பிள்ளை

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டு அம்மியில் வேப்பிலை அரைத்தார்கள். அந்த வீட்டுப் பெண் தன் மகனுக்குப் பால் மறக்கடிக்கிறாள். அந்தப் பச்சைக் கசப்பு வாடை சன்னல் வழியாக என் அடுப்படிக்குள் வந்தபோது நான் எஸ்தருக்காகப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். இன்று அவளுக்கு ஏழு வயது நிறைகிறது. கரண்டியை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றேன். அங்கேயும் அதே வாடைதான்.

நீங்கள் இறந்து எட்டு மாதமாகிறது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் எழுத்துப் படிக்காதவர். உயிரோடு இருந்திருந்தால் இதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அப்படி இன்னொருவர் வாயால் உரக்க வாசிக்கக் கேட்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன் போலிருக்கிறது.

எஸ்தர் பிறந்தது யுத்த காலம். குண்டு விழும் என்ற பயத்தில் பாதித் தூத்துக்குடி காலியாகிக் கிடந்தது. பிறந்த ஊரான நாசரேத்திலிருந்து என் ஆட்கள் யாரும் வர முடியவில்லை. துறைமுக ஆபீசில் எழுத்தராக இருந்த என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பிள்ளை பிறந்த ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் பால் வற்றிவிட்டது. டின் பால் எந்தக் கடையிலும் இல்லை. பசும்பாலைத் தண்ணீர் கலந்து புகட்டினால் அவள் கக்கினாள். முதலில் வீறிட்டு அழுதவள், பிறகு முனகினாள். பிறகு முனகலும் குறைந்தது.

நீங்கள் எங்கள் எதிர்வீடு. அதுவரை நமக்குள் பெரிய பேச்சு ஒன்றும் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு முன் நான் மிஷன் பள்ளியில் வேலை பார்த்ததால் நீங்கள் என்னை ‘டீச்சரம்மா’ என்பீர்கள். வயதில் மூத்தவர் என்பதால் நான் உங்களை ‘அக்கா’ என்பேன். அவ்வளவுதான். உங்களுக்கு மாதா கோயில், எங்களுக்கு வேறு சபை. நான் அண்ணன் என்று அழைக்கும் உங்கள் கணவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். அப்போது உங்கள் தலைச்சன் பிள்ளை பிறந்து ஒன்பதே நாள் இருந்து இறந்திருந்தான். அவனை அடக்கம் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த வாசலில் போய் நின்ற என் கணவர், “எங்க வீட்ல பிள்ளை…” என்று ஆரம்பித்து மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டாராம். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்தீர்கள். பால் வற்றட்டும் என்று உங்கள் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுகக் கட்டியிருந்தார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கட்டை அவிழ்த்தீர்கள். வதங்கிய பூவெல்லாம் உங்கள் மடியில் உதிர்ந்தது.

“உங்க மனசு என்ன பாடுபடும், அக்கா” என்று நான் காய்ச்சலோடு சொன்னேன்.

“அழுத பிள்ளைய அப்புறம் பாத்துக்கிடலாம்னு வைக்கப்படாது, டீச்சரம்மா. கொண்டாங்க இங்கன.”

எஸ்தர் முட்டி முட்டிக் குடித்தாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணீர் தாடை வழியாக இறங்கிப் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. முந்தானையால் அதை மட்டும் துடைத்துவிட்டீர்கள்.

ஒரு வருஷம் கொடுத்தீர்கள், அக்கா. மழையானாலும் தெருவைக் கடந்து வந்தீர்கள். நீங்கள் காலைப் பூசைக்குப் போய்த் திரும்பும் வரை எஸ்தர் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். எனக்கு உடம்பு தேறுவதற்குள் ‘டீச்சரம்மா’ போய், தங்கையைக் கூப்பிடுவது போல் ‘ஏளா’ வந்திருந்தது. “ஏளா, நீ ரெண்டு வாய் சாப்பிடு. பிள்ளை என் மடியிலதான கெடக்கா” என்பீர்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்த ஏளா எவ்வளவு இனித்தது என்று உங்களிடம் நான் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. பிள்ளை டின் பால் குடித்து நன்றாக வளர்கிறாள் என்று ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடற்கரைப் பெண்ணின் பாலில் பிள்ளை வளர்கிறது என்றால் என் புகுந்த வீட்டார் என்ன சொல்வார்களோ என்று நானாகவே பயந்தேன்.

முதல் பிறந்தநாளுக்குச் சாத்தான்குளத்திலிருந்து என் நாத்தனாரும் உறவுக்காரர்களும் வந்தார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்துப் புலாவ் செய்திருந்தேன். ஜெபம் முடிந்து பந்தி நடக்கும்போது நீங்கள் வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்தும் நீலச் சேலை. கையில் ஒரு சின்னச் சங்கு. பிள்ளைக்கு மருந்து புகட்ட ஆகும் என்று அண்ணன் கடலிலிருந்து எடுத்து வந்து வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்திருந்தார்.

“இது யாரு?” என்று நாத்தனார் கேட்டாள்.

“பிள்ளையப் பாத்துக்கிட வேலைக்கு வாரவங்க” என்றேன்.

நீங்கள் இரண்டடி தூரத்தில்தான் நின்றீர்கள். உங்கள் காதில் விழுந்தது. விழுந்ததை நானும் பார்த்தேன். அதற்குள் என் இடுப்பிலிருந்த எஸ்தர் இரண்டு கையையும் நீட்டி, “ம்மா, ம்மா” என்று உங்கள் பக்கம் தாவினாள். நான் இழுத்துப் பிடித்தேன். அவள் வீறிட்டாள்.

“என்னளா இது? பெத்தவ இடுப்புல இருந்துக்கிட்டு யாரையோ அம்மாங்குது!”

நாத்தனாரின் குரலுக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள்தான் சிரித்தபடி சொன்னீர்கள்: “பசிச்ச பிள்ளை யாரைக் கண்டாலும் அம்மான்னுதான் சொல்லும்மா.” சொல்லிவிட்டுச் சங்கை மேசை ஓரத்தில் வைத்தீர்கள். சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு, பந்தியில் கிடந்த எச்சில் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினீர்கள். கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினீர்கள். நான் சொன்ன பொய்யை உண்மையாக்கித் தந்துவிட்டுப் பின்வாசல் வழியாகவே போனீர்கள்.

அத்தோடு நான் நின்றிருக்கலாம். எல்லாரும் ஊருக்குத் திரும்பிய மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. “வயசு ஒண்ணு முடிஞ்சிட்டுல்லா அக்கா, இனிப் பால் மறக்கடிச்சிரலாம்” என்றேன். அவள் உங்களைப் பார்த்துத் தாவிய வேகம் என் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

நீங்கள் எழுந்துபோய் வேப்பிலை பறித்து வந்து, நீங்களே அரைத்து, நீங்களே பூசிக்கொண்டீர்கள். முதல் நாள் எஸ்தர் வாய் வைத்துவிட்டுத் துப்பி அழுதாள். இரண்டாம் நாளும் நம்பி வந்து ஏமாந்தாள். மூன்றாம் நாள் நீங்கள் கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“மறந்துட்டா, டீச்சரம்மா” என்றீர்கள். அன்றோடு ஏளா நின்றுபோயிற்று.

இரண்டு மாதத்தில், ஆபீசுக்குப் பக்கம் என்று காரணம் சொல்லி, வீட்டை இந்தத் தெருவுக்கு மாற்ற வைத்தேன். இரண்டாவது பிறந்தநாளுக்கு நீங்கள் வந்தீர்கள். வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினேன். பிறகு நீங்கள் வரவில்லை. எஸ்தரை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிப்போன காலையில் எதிர்ச் சாரியில் மீன்கூடைக்காரிகளுக்கு நடுவே நின்றீர்கள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் காணாதது போல் அவளை மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்து நடந்தேன்.

போன மழைக்காலத்துக் காலராவில் நீங்கள் போனது எனக்கு இரண்டு வாரம் கழித்து மீன்காரி சொல்லித்தான் தெரியும். அப்போதும் உங்கள் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

இன்று காலை அந்த வாடை என்னை நிற்க விடவில்லை. பாயசத்தைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு, புதுக் கவுன் போட்ட எஸ்தரையும் கூட்டிக்கொண்டு பழைய தெருவுக்குப் போனேன். அண்ணன் வாசலில் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டு எழுந்தார். எஸ்தரைப் பார்த்ததும், “இன்னைக்குத்தானே பிறந்தநாளு?” என்றார்.

அவர் முன்னாலேயே எஸ்தரிடம் சொன்னேன். “நீ பிறந்தப்போ அம்மாவுக்குப் பால் இல்ல. இந்த வீட்டுப் பெரியம்மாதான் ஒரு வருஷம் உனக்குப் பால் குடுத்தாங்க. அவங்க இல்லன்னா நீ இல்ல.”

“அவங்க எங்க?”

“இறந்துட்டாங்க.”

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். “பின்ன ஏன் நான் அவங்களைப் பாத்ததே இல்ல?”

அண்ணன்தான் முந்திக்கொண்டார். “பாத்திருக்க, ஏளா. சின்னப் பிள்ளையில பாத்தது. ஒனக்கு நெனவு இருக்காது.” உங்களைப் போலவே அவரும் என்னைக் காப்பாற்றிவிட்டார்.

பாயசம் குடித்து எஸ்தர் சிரித்தபோது, மேல்வரிசையில் விழுந்துவிட்ட பல்லின் இடைவெளி தெரிந்தது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். “ஒனக்கு மொதப் பல்லு மொளச்சதை யாரு மொதல்ல கண்டான்னு தெரியுமா? இந்த வீட்டுக்காரிதான். வெடுக்குன்னு கடிச்சிருக்க. வந்து எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ‘டீச்சரம்மாகிட்டச் சொல்லிட்டியா’ன்னு கேட்டேன். ‘சொல்லப்படாது. பெத்தவ கண்ணுலதான் மொதல்ல படணும்’னுட்டா. ரெண்டு நாளு பொறுத்து ஒங்க அம்மை தூக்கிக்கிட்டு ஓடியாந்து காட்டுனாங்க.”

ஓடி வந்தேன், அக்கா. செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடி வந்தேன். நீங்கள் மீன் கழுவிக்கொண்டிருந்த கையை அலம்பித் துடைத்து, அவள் வாயில் விரலை விட்டுப் பார்த்து, “ஆமாளா! அரிசி கணக்கா இருக்கே!” என்று கண்ணை அகல விரித்தீர்கள். அந்த ஆச்சரியத்தை நான் அப்படியே நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் வேதப் புத்தகத்தை எடுத்தேன். எஸ்தர் வளர்ந்த கதையை அதன் முதல் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பல், முதலில் குப்புறக் கவிழ்ந்தது, முதலில் உட்கார்ந்தது, பிடி விட்டு நின்றது, எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. எல்லாம் நானே முதலில் கண்டதாக நினைத்து எழுதியவை. பல்லின் தேதி இரண்டு நாள் தவறு என்று இப்போது தெரிந்துவிட்டது. அடித்து எழுதப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. மற்றத் தேதிகளில் நிஜமாகவே நான் முதலில் கண்டது எது, நீங்கள் கண்டும் காணாதது போல் இருந்து எனக்கு விட்டுத் தந்தது எது என்று, அக்கா, நான் இனி யாரிடம் போய்க் கேட்பேன்?