ஜிப் திறக்காத பையில் இரண்டு ஹெட்போன்கள்

என் அருமை அண்ணா,

நீ காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடந்தாயாம். அதனால்தான் பின்னால் ரிவர்ஸில் வந்த ஃபோர்க்லிப்ட் வண்டியின் சத்தம் உனக்குக் கேட்கவில்லையாம். உன் கம்பெனி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது.

உன் காரியம் முடிவதற்குள் ஓசூரில் நம் தெரு முழுக்க இதே பேச்சு. துக்கம் விசாரிக்க வந்த மாமா, "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காதுல எதையாவது சொருகிக்கணும்" என்றார். அவருக்கு என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையை நான் என்ன செய்ய?

அந்த வண்டியின் ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை என்று சூப்பர்வைசரிடம் எத்தனை முறை சொன்னாய்? வீட்டிலும் புலம்பினாயே. நீ போன பிறகு சத்தமில்லாமல் புது ஹாரன் மாட்டிவிட்டார்கள். நன்றாக இருந்த ஹாரனை எதற்கு அண்ணா மாற்றினார்கள்?

ஷிப்ட் முடிந்து, பாகலூர் ரோட்டில் மஞ்சுநாத் அறைக்குப் போகத்தானே கிளம்பினாய்? உன்னோடு கான்ட்ராக்டில் வேலை பார்த்த மஞ்சு பாட, நீ பதிவு செய்வாய். பக்கத்து லேத் பட்டறைச் சத்தம் காதில் ஏறாமலிருக்க உனக்குக் காதை முழுக்க மூடும் ஹெட்போன்தான் வேண்டும். ஒரே மாடலில் இரண்டு வைத்திருந்தாய். ஒன்று முதலில் வந்தது, இன்னொன்று சில வருஷம் கழித்து அதே பெயரில் வந்தது. இரண்டுமே உன்னைவிட வயதில் மூத்தவை.

இரண்டையும் எனக்கு மாட்டிவிட்டு, "எது உண்மைய சொல்லுது, சொல்லு பாப்பா" என்பாய். நான் பின்னால் வந்ததைக் காட்டுவேன். அதில் பேஸ் திம்மென்று இருக்கும். "அது சர்க்கரை போட்டுக் குடுக்குது. பாடறவன் எங்க தப்பு பண்றான்னு பழசுதான் காட்டிக் குடுக்கும்" என்று சிரிப்பாய். கேட்க நன்றாக இருந்தால் போதாதா என்று உன்னிடம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்!

கிருஷ்ணகிரி லேபர் ஆபீஸில் விசாரணை நடந்த அன்று இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். பழைய டெலிபோன் வயர் மாதிரிச் சுருண்ட கேபிள், நுனியில் சுண்டுவிரல் தடிமனுக்குப் பிளக்.

"இத எந்த போன்ல சொருகுவீங்க சார்?" என்று உன் கம்பெனி ஹெச்.ஆரைக் கேட்டேன்.

"அடாப்டர் போட்டிருப்பாரு மேடம்" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மஞ்சு எழுந்தான். "அவன் பைய நான்தான் சார் எடுத்தேன். ஜிப்பே தெறக்கல. ரெண்டும் உள்ள டவல்ல சுத்தி இருந்துச்சு. ஹாரனும் அடிக்கல சார்." முழுதாகச் சொன்னான். அந்த வாரமே அவனைக் கம்பெனி கேட்டுக்குள் விடவில்லை. இப்போது தளியில் முட்டைக்கோஸ் லோடு ஏற்றுகிறான். அங்கேயும் பாடுகிறானா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். 'அவரது கவனக்குறைவால்' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு கொடுத்து எல்லாவற்றையும் முடித்துவிடுவார்களாம். அம்மா பேனாவைத் தேடினாள். ஆமாம் அண்ணா, அந்த ஹெட்போன் கதையை அம்மாவும் நம்பியிருந்தாள். "அந்தச் சனியன்தான் எம்புள்ளைய முழுங்கிச்சு, தூக்கிக் குப்பைல போடு" என்பதுதான் தினமும் அவள் பேச்சு.

எனக்கு வந்த கோபத்தில் அம்மாவை உட்காரவைத்து, நீ பதிவு செய்த மஞ்சுவின் பாட்டை உன் ரெக்கார்டரிலேயே போட்டேன். பாட்டுக்கு முன்னால் நீ பேசுவாயே, "மஞ்சு, ரெடியா? கொஞ்சம் தள்ளி நில்லு" என்று. முதலில் பின்னால் வந்ததை மாட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ரேடியோல பேசற மாதிரி" என்றாள்.

பழையதை மாட்டினேன். இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு தடவையும் கேட்டாள்.

"இவனுக்கு அன்னிக்குச் சளி புடிச்சிருந்துச்சுடி. மூக்கடைப்போட பேசறான் பாரு. கஷாயம் வெச்சேன், குடிக்காமயே ஓடிட்டான்."

நீ போனதிலிருந்து எதையும் சபிக்காமல் அம்மா அழுதது அப்போதுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கவனக்குறைவுன்னா என்னாடி?" என்று கேட்டாள்.

"உம்மவன் பாத்து நடக்கல, அதனாலதான் செத்தான்னு அர்த்தம்."

காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "அவனுங்க கிட்டயே குடுத்துரு. அடுத்த வாய்தாவுக்கு நானும் வரேன்."

"உனக்கு ரோஜாப் பண்ணைல லீவு தர மாட்டாங்களேம்மா. மொட்டா இருக்கறப்பவே வெட்டணும்பாங்களே?"

"பூத்தா பூக்கட்டும்."

காகிதத்தில் அந்த ஒரு வார்த்தையை அவர்கள் அடித்து எடுக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம் அண்ணா. மஞ்சுவுக்கு அந்த கேட் திறக்கிறவரை கேட்பதை நிறுத்தவும் மாட்டோம். உனக்காக உட்கார்ந்து அழ எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. இது முடியட்டும், அழுகிறேன்.

கோபம் ஆறாத உன் தங்கச்சி,
செல்வி