என்ட கைக்கு நீங்க குடுத்த மாப்பு

ஹாஜியாரின் கார் மோதி வலக்கை முடங்கிப்போன சுல்பிகா, கணவனுக்கு இடக்கையால் கோணல்மாணலாகக் கடிதம் எழுதி, பூட்டிய கதவில் சொருகிவிட்டுப் புறப்பட்டாள்.

ஜெமீலாட வாப்பாக்கு,

நட்டஈட்டு வழக்குப் போடப் பிரக்கிராசியிட்டப் போறன். மகளும் என்னோட வாறா.

நேத்து பள்ளிவாசல்ல எல்லாருக்கும் முன்னால ஹாஜியாரக் கட்டிப்புடிச்சு, அல்லாஹ்வுக்காக மாப்புக் குடுத்தீங்களாம். உங்களப் பெரிய மனிசன் எண்டு மெச்சினாங்களாம். ஒடைஞ்சது உங்கட கையா? என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

ஆணம் ஆக்கல்ல. மீன் வெட்டக் கையில்ல. ஹாஜியார்ட வீட்டுல தின்னுங்க, அங்கேயே படுங்க. இது எனக்கு உம்மா தந்த வீடு. சாவி என்னோட வருது. உங்கட சாரனும் தொப்பியும் வேலியில கெடக்கு.

அடியில், இடமில்லாத இடத்தில்:

என்னட்ட மாப்புக் கேட்டு வராதீங்க. என்ட பங்கையும் சேத்து ஹாஜியாருக்கே குடுத்து முடிச்சிட்டீங்க.