கத்தாத கார்

வாசலில் கார் ஓடிக்கொண்டிருந்தது. மோகனப்பிரியா காலண்டர் தாளைக் கிழித்து நின்றபடியே எழுதினாள். கணவன் தனபால் குளித்து வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

"ஏனுங்க, நான் காரை எடுத்துட்டு சரவணம்பட்டி ஆபீசுக்குப் போறேன். பத்து மணிக்குக் காரை வாங்க வர்றவருக்குக் காப்பி கொடுத்து, விக்கறதில்லைன்னு சொல்லி அனுப்பிருங்க. நான் ஓட்டிப் பழகுன காருங்க அது. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

'முன்னால ஆளே இல்லாம பீப் பீப்னு கத்துது, கம்ப்யூட்டரே போயிருச்சு, உனக்கென்ன அம்மணி தெரியும்'னு நேத்து சிரிச்சீங்களே! இப்ப மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன், ஒரு சத்தமில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலீங்க. ஒரு ஈரத்துணி போதுமா இருந்துச்சு.

கோவமெல்லாம் இல்லை. சாயந்திரம் கோயிலுக்குப் போலாம். நான்தான் ஓட்டுவேன்."

குளியலறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதிவிட்டு ஓடினாள்:

"முன்பக்க பம்பர்ல நாலு வட்டம் இருக்குதுங்களே, எதிர்ல என்ன இருக்குதுன்னு பாக்கற சென்சார் அதுதான். ஆயுத பூசையன்னிக்கு நாலுக்கும் அளவு பாத்துச் சந்தனப் பொட்டு வெச்சது நீங்கதானுங்க!"