தாண்டிப் போன வீடு

20 டிசம்பர் 2005, செவ்வாய்.

சுனாமி அலை வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவுப் பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பட்டியல் வேண்டும் என்றார் ஃபாதர். ஒவ்வொரு பெயரோடும் இன்னாரின் மகன், இன்னாரின் மனைவி என்று வர வேண்டுமாம். பங்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் ஏற்றி வைத்த விவரங்களில் இறந்தவர்கள் ஒரு டேபிளில், அதாவது ஓர் அட்டவணையில், இருக்கிறார்கள். நிவாரணம் வாங்கிய உறவினர்கள் இன்னொரு டேபிளில். வீட்டு எண்ணை வைத்து இரண்டையும் ஜாயின் செய்து இணைத்து, தெரு வரிசையில் பிரிண்ட் எடுத்தேன்.

மீன் விற்கும் பிலோமினா அக்கா பட்டியலில் இறந்த தன் மகன் பெயர் இருக்கிறதா என்று கேட்க ஆபீசுக்கு வந்தார். படிக்கத் தெரியாது என்பதால் நான் உரக்க வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மகன் பெயர் வந்தபோதும் திறக்கவில்லை. அதற்கு அடுத்த பெயரில்தான் திறந்தார்.

"எங்க வூட்டுக்கு அடுத்தது சவரி வூடும்மா. நீ தாண்டிப் போயிட்ட."

சவரி வீட்டில் ஐந்து பேரும் செத்தார்கள். நிவாரணம் வாங்க ஆளே மிஞ்சவில்லை. இரண்டு டேபிளிலும் இருக்கிற வீடுகளை மட்டும் எடுக்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை, அந்தக் குவெரி, எழுதியது நான்தான். முழுதாகப் போன வீடுகள் எல்லாம் விட்டுப்போயிருக்கின்றன.

உறவினர் இல்லாவிட்டாலும் இறந்தவர்கள் எல்லோரும் வரும்படி லெஃப்ட் ஜாயின் என்று மாற்றினேன். ஐந்து பெயரும் வந்தன. உறவினர் கட்டம் மட்டும் காலி.

"இப்ப சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

கல்லறைத் தோட்டத்து நினைவுக் கல்லுக்கும் ஏற்கெனவே அந்தப் பழைய குவெரியில்தான் பெயர் எடுத்துக் கொடுத்திருந்தேன். போன வாரமே பெயர்களைக் கல்லில் வெட்டி முடித்துவிட்டார்கள். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.