கோல்பியின் மேசையில் இருக்கும் மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? நார்த் டகோட்டா குளிரிலும் எண்ணெய்க் கிணற்று வேலையிலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. என் அறையில் தங்கியிருக்கும் லாயல் மதியச் சாப்பாட்டு மேசையிலேயே உதடு நீலமாகிச் சாய்ந்துவிட்டான். போதை மாத்திரைதான். தம்பி போன பிறகு நீ அனுப்பினாயே, போதையை முறிக்க மூக்கில் அடிக்கும் மருந்து இரண்டு, அந்த இரண்டையும் அடித்துத் தீர்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கண் திறந்ததும், "சுகமா இருந்தேன்டா பாவி, கெடுத்துட்டியே!" என்று என்னைத் திட்டினான். "எழுந்துட்டான்ல? சாப்பிடுங்கடா" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சாப்பிட்டோம், நானும்தான். சாயங்காலமே அவன் மறுபடி மாத்திரை போட்டுக்கொண்டான்.

கம்பளிக் காலுறையும் உன் ஆப்பிள் ஜாமும் அனுப்பு. தம்பி கோல்பியின் மேசை இழுப்பறையில் அதே மருந்து ஒரு டப்பா இருக்கும், காலாவதியாகியிருந்தாலும் அனுப்பு. "இது வீட்ல இருந்தா சர்ச் சபையில என்ன பேசுவாங்க?" என்று நீதான் உள்ளே தள்ளி வைத்தாய். நானும் சரி என்றேன். தம்பி குளியலறையில் மூச்சில்லாமல் கிடந்த அன்று நாம் இரண்டு பேரும் ஜெபம்தான் செய்துகொண்டிருந்தோம்.

வண்டி வந்துவிட்டது. டப்பா இன்னும் பிரிக்காமல்தான் இருக்கும்.

உன் மகன்,
வேட்